மந்திரம் தின்னும் நாய்: ஃபெல்ஹண்டரை வைத்து மேஜ், ப்ரீஸ்ட் போன்ற மந்திரக்காரர்களை அடக்குவது எப்படி

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமில் வார்லாக், அதாவது பேய்களைத் துணைக்கு அழைக்கும் மந்திரவாதி, ஆடுகிறவர்களில் பாதிப் பேர் ஃபெல்ஹண்டர் என்ற பேய் நாயைக் கூப்பிடுவதே இல்லை. மற்ற பேய்களில் வாய்ட்வாக்கர் அடி வாங்கும், சக்கூபஸ் நன்றாக அடிக்கும், இம்ப் தூரத்தில் நின்று நெருப்பு வீசும். இந்த நாய் என்ன செய்யும் என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது. அடியும் சுமார்தான். கண் இல்லாத முகம், முதுகிலிருந்து நீளும் இரண்டு உறிஞ்சிக் கைகள், பார்ப்பதற்கும் கொஞ்சம் அருவருப்பு. ஆனால் எதிரே நிற்பவன் மந்திரம் ஓதிப் பிழைப்பவன் என்றால் இதைவிட நல்ல துணை வார்லாக்குக்குக் கிடையாது.

இங்கே நான் எழுதுவது கிளாசிக் பதிப்புக்கு, அதாவது 2004-இல் வந்த மூல ஆட்டத்தை 2019-இல் திரும்பக் கொண்டுவந்தார்களே, அதற்கு. எண்களெல்லாம் 60-ஆம் லெவலை ஒட்டியவை. பின்னால் வந்த பதிப்புகளில் கூல்டவுன்கள் (ஒரு திறமையை மறுபடி பயன்படுத்தக் காத்திருக்கும் நேரம்) மாறியிருக்கின்றன, டேலன்ட் மரமே (புள்ளி போட்டுத் திறமை எடுக்கும் பட்டியல்) மாறிவிட்டது. யோசிக்கும் முறை மட்டும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதல் படி: நாயைப் பிடிப்பது

30-ஆம் லெவலில் உங்கள் வார்லாக் பயிற்சியாளர் ஒரு தொடர் குவெஸ்டுக்கு வழி காட்டுவார். அது உங்களை பாரன்ஸ் கிழக்குக் கரையில் உள்ள ராட்செட் என்ற கோப்ளின் ஊருக்குக் கொண்டுபோகும். அங்கே ஸ்ட்ராஹாட் ஃபார்சன் என்ற வார்லாக் இருப்பார். அலையன்ஸ், ஹோர்ட் இரண்டு பக்கத்தாருக்கும் அவர்தான் ஆள். அலையன்ஸ்காரர்களுக்கு பூட்டி பே துறைமுகத்திலிருந்து ராட்செட்டுக்குக் கப்பல் உண்டு, நடந்து கால் தேய வேண்டாம். சொன்ன பொருள்களையெல்லாம் சேர்த்துக் கொடுத்தபின் கடைசியில் மந்திர வட்டத்தில் ஒரு ஃபெல்ஹண்டரை வரவழைத்து அதைச் சண்டையில் வெல்ல வேண்டும். வாய்ட்வாக்கரை முன்னால் விட்டு, பின்னால் நின்று டாட்களை (கொஞ்சம் கொஞ்சமாக ஹெல்த்தை அரிக்கும் மந்திரங்களை) போட்டால் கஷ்டமில்லை.

ஒவ்வொரு முறை கூப்பிடவும் ஒரு சோல் ஷார்ட் (ஆன்மாத் துண்டு) செலவாகும், காஸ்ட், அதாவது மந்திரம் ஓதும் நேரம், 10 செகண்ட் ஆகும். ஷார்ட் இல்லாமல் போர்க்களத்துக்குப் போகிற வார்லாக் அரிவாள் இல்லாமல் அறுப்புக்குப் போகிறவன் மாதிரி.

இரண்டாம் படி: புத்தகம் வாங்குவது

இதை மறந்துவிட்டு "நாய் ஒன்றும் செய்யவில்லை" என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கிளாசிக்கில் வார்லாக்கின் பெட் (துணைப் பேய்) தானாகத் திறமை கற்றுக்கொள்ளாது. டீமன் பயிற்சியாளரிடம் க்ரிமாய்ர் புத்தகம் வாங்கி, அந்த பெட் வெளியே நிற்கும்போது படிக்க வேண்டும். நாய் வரும்போது கையில் இருப்பது மந்திரத்தைத் தின்னும் டிவவர் மேஜிக் மட்டும்தான். எதிரியின் வாயைப் பூட்டும் ஸ்பெல் லாக்கின் முதல் ராங்க் (படிநிலை) 36-ஆம் லெவலில், இரண்டாவது 52-இல். டிவவர் மேஜிக் 38, 46, 54 லெவல்களில் வலுப்படும். இவை இரண்டுதான் நமக்கு உயிர்நாடி. டெய்ன்டட் பிளட், பாரனோயா என்று இன்னும் இரண்டு இருக்கின்றன. முன்னது நாயை அடிப்பவனின் அட்டாக் பவரைக் குறைக்கும், பின்னது ஒளிந்து வருபவர்களைக் கண்டுபிடிக்க உதவும். ரோக் தொல்லை அதிகமான இடத்தில் பாரனோயா நல்லது. நம் கதைக்கு இரண்டும் வேண்டாம்.

மூன்றாம் படி: இரண்டு பற்களையும் சரியாகப் புரிந்துகொள்வது

ஸ்பெல் லாக் இரண்டு வேலை செய்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் முக்கால்வாசித் தவறுகள் நடக்கின்றன.

எதிரி சும்மா நிற்கும்போது அடித்தால் 3 செகண்ட் வாய் மூடும். அந்த 3 செகண்ட் எந்த மந்திரமும் வராது. அவ்வளவுதான்.

எதிரி ஏதோ ஒன்றை காஸ்ட் செய்துகொண்டிருக்கும்போது அடித்தால் கதையே வேறு. அந்த காஸ்ட் உடையும், 3 செகண்ட் வாய் மூடும், அதோடு அவன் ஓதிக்கொண்டிருந்த மந்திரம் எந்த ஸ்கூலைச் சேர்ந்ததோ அந்த ஸ்கூல் முழுவதும் பூட்டப்படும். முதல் ராங்கில் 6 செகண்ட், இரண்டாம் ராங்கில் 8 செகண்ட். ஸ்கூல் என்பது ஃப்ராஸ்ட், ஃபயர், ஆர்கேன், ஹோலி, ஷேடோ, நேச்சர் என்ற பிரிவு. மேஜின் பனிக்குண்டான ஃப்ராஸ்ட்போல்டை உடைத்தால் ஃப்ராஸ்ட்போல்ட் மட்டும் போவதில்லை, காலைக் கட்டும் ஃப்ராஸ்ட் நோவா, கவசமான ஐஸ் பேரியர், எந்த அடியும் விழாமல் காக்கும் ஐஸ் பிளாக் எல்லாம் சேர்ந்து போகும். ஆகவே எப்போது அடிக்கிறோம் என்பதைப் போலவே எந்த மந்திரத்தின்மேல் அடிக்கிறோம் என்பதும் முக்கியம்.

கூல்டவுன் 30 செகண்ட். ஒரு டூயல் (ஒருவருக்கு ஒருவர் சண்டை) ஒரு நிமிடம் ஓடினால் உங்களுக்கு இரண்டு ஸ்பெல் லாக் கடி, அதிகம் போனால் மூன்று. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

டிவவர் மேஜிக் அப்படியில்லை. 8 செகண்டுக்கு ஒரு முறை வரும். எதிரி மேல் விட்டால் அவனுடைய நல்ல மந்திரம் ஒன்றைத் தின்னும், நம் ஆள் மேல் விட்டால் நம்மேல் ஒட்டியிருக்கும் கெட்ட மந்திரம் ஒன்றைத் தின்னும். தின்றால் நாய்க்குக் கொஞ்சம் ஹெல்த்தும் ஏறும். எதைத் தின்னும் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஐஸ் பேரியரை எடுக்கட்டும் என்று விட்டால் ஆர்கேன் இன்டலெக்டை எடுத்துக்கொண்டு வாலாட்டும். அதனால் பஃப் (தன்மேல் போட்டுக்கொள்ளும் நல்ல மந்திரம்) குவித்து வைத்திருப்பவனிடம் சண்டை தொடங்கும் முன்பே ஒன்றிரண்டு வாய் தின்ன விடுவது நல்லது.

இரண்டும் 30 கஜ தூரம் எட்டும். இதைக் கவனியுங்கள்: நாய் எதிரியின் காலைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் காலடியில் உட்கார்ந்தபடியே வாயைப் பூட்டும்.

இன்னொன்று, ஸ்பெல் லாக்கை அடிப்பது நாய், நீங்கள் அல்ல. உங்கள் க்ளோபல் கூல்டவுனுக்கும் (ஒரு மந்திரத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் வரும் கட்டாய இடைவெளி) அதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் ஷேடோ போல்ட் பாதி ஓதிக்கொண்டிருக்கும்போதே நாயை ஏவலாம். மேஜ் உங்களைக் கவுன்டர்ஸ்பெல் செய்து ஷேடோ ஸ்கூலை 10 செகண்ட் பூட்டினாலும் நாயின் வாய் திறந்தேதான் இருக்கும். மேஜ்களுக்கு வார்லாக் மேல் வரும் எரிச்சலில் பாதி இதனால்தான்.

நான்காம் படி: பட்டன்களை ஒழுங்கு செய்வது

பெட் பாரில் திறமை ஐகானை ரைட் கிளிக் செய்தால் ஆட்டோகாஸ்ட் (நாய் தானாகவே அந்தத் திறமையை விடுவது) ஆனாகும், ஆஃபாகும். ஆனாக இருந்தால் ஐகானைச் சுற்றி மினுமினுப்பு ஓடும். முதல் வேலை, ஸ்பெல் லாக்கின் ஆட்டோகாஸ்ட்டை அணைத்துவிடுங்கள். 'நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை' என்று சொல்வார்களே, ஆட்டோகாஸ்ட்டில் விட்ட ஃபெல்ஹண்டர் அச்சு அசல் அதுதான். முக்கியமான மந்திரம் வரும் நேரத்தில் கூல்டவுனில் இருக்கும். டிவவர் மேஜிக்கையும் அணைக்கச் சொல்வேன். தனியாக லெவல் ஏற்றும்போது வேண்டுமானால் அது ஓடட்டும்.

அப்புறம் மேக்ரோக்கள், அதாவது ஒரு பட்டனில் ஓடும் சின்னக் கட்டளைகள். குறைந்தது நான்கு தேவை.

ஒன்று, நான் டார்கெட் செய்திருப்பவன் மேல் ஸ்பெல் லாக். இரண்டு, மவுஸ் எவன் மேல் இருக்கிறதோ அவன் மேல் ஸ்பெல் லாக். கூட்டத்தில் டார்கெட்டை மாற்றாமல் பின்னால் நிற்கும் ஹீலரின் வாயை மூட இது வேண்டும். மூன்று, என்மேலேயே டிவவர் மேஜிக். இதை டார்கெட் மாற்றாமல் வேலை செய்யும்படி எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் தேவைப்படும் நேரத்தில் மேஜின் பாலிமார்ஃப் மந்திரத்தால் நீங்கள் ஆடாக மாறி நின்றுகொண்டிருப்பீர்கள். நான்கு, டார்கெட் மேல் டிவவர் மேஜிக்.

கண்ட்ரோல் பட்டனோடு எண்களை அழுத்தினால் பெட் பார் வேலை செய்யும் என்பது உண்மைதான். அவசரத்தில் விரல் அங்கே போகாது. ஸ்பெல் லாக்குக்குக் கட்டைவிரலோ ஆள்காட்டி விரலோ எட்டும் ஒரு தனி பட்டன் கொடுங்கள். என்னுடையது மவுஸின் பக்கவாட்டு பட்டன்.

நாயை பாசிவ் நிலையில் (சொன்னால் மட்டும் தாக்கும் நிலை) வையுங்கள். டிஃபன்சிவில் விட்டால் யார் ஒரு அம்பு விட்டாலும் துரத்திக்கொண்டு ஓடும், நீங்கள் பட்டனைத் தட்டும்போது சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும். நாய்க்கும் எதிரிக்கும் இடையில் பார்வை மறைந்தால் ஸ்பெல் லாக் போகாது. அட்டாக், ஃபாலோ இரண்டுக்கும் பட்டன் வைத்து நீங்களே நடத்துங்கள்.

எதிரியின் காஸ்ட் பார் (மந்திரம் எவ்வளவு தூரம் ஓதியாயிற்று என்று காட்டும் பட்டை) திரையில் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அதற்கான ஆட்-ஆன் ஒன்றைப் போட்டு, பெரிதாக, திரையின் நடுவுக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். மந்திரத்தின் ஐகான் தெரிவது ரொம்ப முக்கியம். பெயரைப் படிக்க நேரம் இருக்காது.

ஐந்தாம் படி: நாக்கைக் கட்டுவது

கர்ஸ் ஆஃப் டங்ஸ் என்ற சாபத்தைப் பலர் ஆக்‌ஷன் பாரில்கூட வைத்துக்கொள்வதில்லை. விழுந்தவன் டீமனிக் மொழியில் உளற ஆரம்பிப்பான், அவனுடைய காஸ்ட் நேரம் முதல் ராங்கில் 50 சதவீதமும் இரண்டாம் ராங்கில் 60 சதவீதமும் கூடும். 30 செகண்ட் நிற்கும்.

இதன் மதிப்பு கணக்குப் போட்டால்தான் தெரியும். மேஜின் பாலிமார்ஃப் 1.5 செகண்ட். நாம் ஐகானைப் பார்த்து, மூளைக்கு எட்டி, விரல் அசைந்து, கட்டளை சர்வருக்குப் போய் நாய் குரைப்பதற்குள் பெரும்பாலும் நாம் ஆடாகியிருப்போம். இரண்டாம் ராங்க் டங்ஸ் விழுந்திருந்தால் அதே பாலிமார்ஃப் 2.4 செகண்ட். டேலன்ட் போட்ட மேஜின் 2.5 செகண்ட் ஃப்ராஸ்ட்போல்ட் 4 செகண்ட் ஆகிவிடும். நம் ஊரிலிருந்து தூரத்து சர்வரில் ஆடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 200 மில்லி செகண்ட் பிங்கில் (சர்வருக்குப் போய்வரும் தாமதம்) ஆடுகிறவனுக்கு அந்த 0.9 செகண்ட் பெரிய சொத்து.

மேஜும் ட்ரூயிடும் சாபத்தை எடுத்துவிடுவார்கள். எடுக்கட்டும். எடுக்க ஒரு க்ளோபல் கூல்டவுன் போகும், மானா (மந்திர சக்தி) போகும். நாம் திரும்பப் போடுவோம்.

ஆறாம் படி: எதிரே மேஜ் நின்றால்

மேஜ் சண்டையை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்லப்போகிறேன். இங்கே கற்றதுதான் மற்ற எல்லா இடத்திலும் உதவும்.

தொடக்கத்தில் நான் செய்த தவறு, முதல் ஃப்ராஸ்ட்போல்ட் தொடங்கியதும் பதறிப்போய் ஸ்பெல் லாக் அடிப்பது. அடித்ததும் பெருமையாக இருக்கும். மேஜ் ஓடித் தூரமாகப் போவான், 3 செகண்ட் முடிந்ததும் திரும்பி பாலிமார்ஃப் ஓதுவான். ஃப்ராஸ்ட்தானே பூட்டு, பாலிமார்ஃப் ஆர்கேன் ஆயிற்றே. நான் ஆடாகப் புல் மேய்வேன். அவன் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பான். ஆர்க்ரிமார் வாசலில் இப்படித் தொடர்ச்சியாக ஆறு டூயல் தோற்றபின்தான் ஒரு ரோக் நண்பன் கேட்டான்: "எதுக்குடா முதல் குண்டுக்கே நாயை விடுற?"

முதல் ஃப்ராஸ்ட்போல்டை வாங்கிக்கொள்ளுங்கள். வலிக்கும், சாக மாட்டீர்கள். அந்த நேரத்தில் டங்ஸ் போடுங்கள், கரப்ஷன் போடுங்கள், நாயை மேஜ் மேல் ஏவுங்கள். நாயின் கடி சின்னதுதான், ஆனால் ஒவ்வொரு கடிக்கும் காஸ்ட் பார் பின்னால் தள்ளும். ஐஸ் பேரியர் இருக்கும்வரை அப்படித் தள்ளாது. ஆகவே பேரியர் ஏறியதும் மேஜ் மேல் டிவவர் மேஜிக். முதல் வாயிலேயே பேரியர் போகலாம், மூன்றாவது வாயில் போகலாம். ஆனால் இப்படி டிவவரைச் செலவு செய்தால் அடுத்த 8 செகண்டுக்கு பாலிமார்ஃபைத் தின்ன நாய் தயாராக இருக்காது. ஸ்பெல் லாக் கையில் இருக்கும்போது மட்டும் இந்தத் துணிச்சல் வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் கூல்டவுனில் இருப்பது மேஜுக்குக் கொடுக்கும் அழைப்பிதழ்.

பாலிமார்ஃப் ஐகான் தெரிந்ததும் அடியுங்கள். இதுதான் நாம் காத்திருந்த கடி. இப்போது ஆர்கேன் 8 செகண்ட் பூட்டு. சட்டென்று தூரம் தாவும் பிளிங்க் இல்லை, கவுன்டர்ஸ்பெல் இல்லை, சாபத்தை எடுக்கும் மந்திரமும் ஆர்கேன்தான் என்பதால் டங்ஸும் அவன் நாக்கில் ஒட்டியே இருக்கும். இதில் பெரிய லாபம் கவுன்டர்ஸ்பெல் போனதுதான். எதிரியைப் பயந்து ஓட வைக்கும் வார்லாக்கின் ஃபியர் 1.5 செகண்ட் காஸ்ட். சாதாரணமாக மேஜ் முன்னால் ஃபியர் ஓதுவது தலையை நீட்டுகிற மாதிரி. இந்த 8 செகண்டில் பயமில்லாமல் ஓதலாம். ஃபியர், அவன் ஓடும்போது டாட்களைப் புதுப்பித்தல், அடுத்தது ஷேடோ போல்ட். எதிரி அன்டெட் இனம் என்றால் வில் ஆஃப் தி ஃபர்சேகன் போட்டு ஃபியரை உதறுவான், அதை ஒரு முறை வரவழைத்துவிட்டால் அடுத்த ஃபியர் நிற்கும்.

பாலிமார்ஃப் விழுந்தேவிட்டால்? சுய-டிவவர் பட்டன். நாய் அந்த ஆட்டுத்தோலை உரித்துத் தின்னும். ஃப்ராஸ்ட் நோவாவில் கால் கட்டப்பட்டாலும் இதே மருந்துதான். ஆனால் அங்கே கவனம், உங்கள்மேல் ஃப்ராஸ்ட்போல்டின் மந்தமும் ஒட்டியிருக்கும், நாய் அதை எடுத்துக்கொண்டு நோவாவை விட்டுவிடலாம்.

இரண்டாவது கடியை எதற்கு வைத்துக்கொள்வது? மேஜின் ஹெல்த் கால்வாசிக்கு இறங்கியதும் அவன் நினைப்பெல்லாம் ஐஸ் பிளாக் மேல் இருக்கும். அந்த நேரத்தில் அவன் கடைசியாக ஒரு ஃப்ராஸ்ட்போல்ட் ஓதினால் அதன்மேல் விடுங்கள். ஃப்ராஸ்ட் பூட்டு விழுந்தால் ஐஸ் பிளாக் வராது, டாட்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். விவரமான மேஜ் அந்த நிலையில் ஃப்ராஸ்ட் ஓதவே மாட்டான், ஃபயர் பிளாஸ்ட் போல இன்ஸ்டன்ட்டில் (ஓத நேரம் பிடிக்காத மந்திரம்) பிழைக்கப் பார்ப்பான். அப்படியானால் உங்கள் கடைசி ஷேடோ போல்ட் பாதியில் இருக்கும்போது வெறும் 3 செகண்ட் வாய்ப்பூட்டாகவே போட்டுவிடுங்கள். அந்த 3 செகண்டிலும் ஐஸ் பிளாக் வராது. காஸ்ட் இல்லாதபோது ஸ்பெல் லாக்கை வீணடிக்கலாம் என்று நான் ஒத்துக்கொள்ளும் ஒரே இடம் இதுதான்.

பாலிமார்ஃப் டீமன்கள்மேல் வேலை செய்யாது. உங்கள் நாயை மேஜால் ஆடாக்க முடியாது, நோவாவில் கட்டிப்போட மட்டுமே முடியும்.

பொய் காஸ்ட்

கொஞ்சம் பழகிய எதிரிகள் எல்லாரும் இதைச் செய்வார்கள். மந்திரத்தைத் தொடங்கிவிட்டு ஒரு அடி நகர்ந்து நிறுத்திவிடுவார்கள். நீங்கள் பதறி ஸ்பெல் லாக் அடித்தால் 3 செகண்ட் வாய்ப்பூட்டு மட்டும் விழும், ஸ்கூல் பூட்டு விழாது. பிறகு 30 செகண்ட் அவன் ராஜா.

இதற்கு மருந்து, காஸ்ட் பாரின் பிற்பாதியில் அடிப்பது. 4 செகண்ட் காஸ்ட் என்றால் மூன்றாவது செகண்ட் வரை காத்திருக்கலாம். யாரும் அவ்வளவு தூரம் பொய்யாக ஓத மாட்டார்கள். பிங் அதிகம் என்றால் கொஞ்சம் முன்னால் அடிக்க வேண்டும், எவ்வளவு முன்னால் என்பது உங்கள் விரலுக்குத்தான் தெரியும். ஒரே இடத்தில் எப்போதும் அடிக்கவும் கூடாது, நல்ல எதிரி இரண்டு முறை பார்த்தால் உங்கள் நேரத்தைப் படித்துவிடுவான். ஸ்பெல் லாக் சில சமயம் ரெஸிஸ்ட் ஆகும், அதாவது எதிரிமேல் ஒட்டாது. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, தலையில் அடித்துக்கொண்டு அடுத்த திட்டத்துக்குப் போக வேண்டியதுதான்.

ஏழாம் படி: ப்ரீஸ்ட்

ப்ரீஸ்ட் கையில் முக்கியமாக இரண்டே ஸ்கூல், ஹோலியும் ஷேடோவும். ஹீலிங் (காயம் ஆற்றும்) ப்ரீஸ்ட்டிடம் ஹோலியைப் பூட்ட வேண்டும். ஃப்ளாஷ் ஹீல் 1.5 செகண்ட், அதைப் பிடிப்பது கடினம், டங்ஸ் இல்லாமல் முயலவே வேண்டாம். க்ரேட்டர் ஹீல் நீளமானது, அதன்மேல் விழுந்த கடி தங்கம். ஹோலி பூட்டினால் ஹீல் மட்டும் போவதில்லை, உங்கள் டாட்களைத் துடைக்கும் டிஸ்பெல் மேஜிக்கும் போகும். 8 செகண்ட் கரப்ஷனும் இம்மொலேட்டும் யாரும் தொடாமல் ஓடும். ப்ரீஸ்ட்டை டாட் போட்டு வெல்வது கஷ்டம் என்று சொல்கிறவர்கள் இந்த ஜன்னலைக் கண்டதில்லை.

பவர் வேர்ட் ஷீல்ட் போட்டால் டிவவர். இங்கும் பஃப் கூட்டம் உண்டு, ஃபோர்ட்டிட்யூடும் இன்னர் ஃபயரும் நடுவில் வந்து விழும்.

ஷேடோ ப்ரீஸ்ட் என்றால் மனசுக்கு இன்னும் சுகம். ஷேடோஃபார்மில் இருப்பவனுக்கு மைண்ட் பிளாஸ்ட்டைப் பிடித்துவிட்டால் ஷேடோ மொத்தமும் மூடிவிடும், உருவத்தைக் கலைத்தால்தான் ஹீல் ஓத முடியும். ஹீலர்களோ ஷேடோவோ, மானா பர்ன் ஓதும் ப்ரீஸ்ட்டை வார்லாக் சும்மா விடக் கூடாது. 3 செகண்ட் காஸ்ட், சோம்பேறிகூடப் பிடிக்கலாம்.

சைக்கிக் ஸ்க்ரீம்தான் இங்கே பெரிய ஆபத்து. அது இன்ஸ்டன்ட், சுற்றி 8 கஜத்துக்குள் இருப்பவர்களை ஓட வைக்கும். நாயும் நீங்களும் பக்கத்து பக்கத்தில் நின்றால் இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையில் அலறி ஓடுவீர்கள், யாரை யார் காப்பாற்றுவது? ப்ரீஸ்ட் உங்களை நோக்கி ஓடி வருவதைப் பார்த்ததும் நாயை நிறுத்தி வையுங்கள், ஸ்டே கட்டளை இதற்குத்தான். நீங்கள் மட்டும் பயந்து ஓடினால், தள்ளி நிற்கும் நாய் அந்த ஃபியரைத் தின்னும். எட்டுகிற தூரம்தான் 30 கஜம் ஆயிற்றே.

எட்டாம் படி: மற்றவர்கள்

பாலடினிடம் இருப்பது ஒரே ஸ்கூல், ஹோலி. ஹோலி லைட் 2.5 செகண்ட். பிடித்துவிட்டால் ஹீல், க்ளென்ஸ், டிவைன் ஷீல்ட் எல்லாம் 8 செகண்ட் மூடும். பபிள் (டிவைன் ஷீல்ட்) போடுவதற்கு முன் பிடிப்பதுதான் மொத்தக் கலையும். பபிள் போட்டபின் நாயால் ஒன்றும் ஆகாது, அதைத் தின்னவும் முடியாது. ஆனால் கூட்டாளிக்குக் கொடுக்கும் ப்ளெஸ்ஸிங் ஆஃப் ப்ரொடெக்‌ஷன், ஃப்ரீடம் போன்றவற்றைத் தின்னும். பாலடின் காஸ்ட் எதுவும் செய்யாமல் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தால் அவன் ஹெல்த் பாதிக்குக் கீழே வரும்வரை ஸ்பெல் லாக்கைத் தொடவே வேண்டாம்.

ஷாமன் நேச்சர் ஸ்கூலில் வாழ்கிறவன். ஹீலிங் வேவ், லைட்னிங் போல்ட், எர்த் ஷாக் எல்லாம் நேச்சர். ஃப்ராஸ்ட் ஷாக்கும் ஃப்ளேம் ஷாக்கும் பெயரில் உள்ளபடி வேறு ஸ்கூல், அவை தப்பிவிடும். இவனிடம் ஒரு பொறி இருக்கிறது: க்ரவுண்டிங் டோட்டம். அது நிற்கும்போது நாயை ஏவினால் ஸ்பெல் லாக் டோட்டத்தில் போய் விழும். முதலில் டோட்டத்துக்கு ஏதாவது ஒரு மலிவான மந்திரத்தைத் தீனி போடுங்கள், அடுத்த நொடி நாய்.

ட்ரூயிட் கொஞ்சம் வழுக்கும் மீன். ஹீலிங் டச் 3.5 செகண்ட், ரீக்ரோத், ரூட்ஸ், ராத் எல்லாம் நேச்சர். பூட்டினால் பெரிய அடிதான். ஆனால் அவன் கரடியாகவோ சிறுத்தையாகவோ மாறிக்கொண்டு ஓடினால் பூட்ட ஒன்றுமிருக்காது. அப்போது நாயின் வேலை ரெஜுவனேஷன் போன்ற ஹாட்களை (கொஞ்சம் கொஞ்சமாக ஹெல்த் ஏற்றும் மந்திரங்களை) ஒவ்வொன்றாகத் தின்பது. வார்சாங் கல்ச் போர்க்களத்தில் கொடி தூக்கி ஓடும் ட்ரூயிடைத் துரத்தும்போது டிவவருக்கு ஓய்வே கொடுக்காதீர்கள்.

எதிரியும் வார்லாக் என்றால் இரண்டு நாய்களும் ஒன்றையொன்று முறைக்கும். அவன் ஃபியரை நீங்கள் பிடித்தால் ஷேடோ மூடும், டெத் காயிலும் ட்ரெய்ன் லைஃபும் போகும். அவனுக்கு மிச்சம் நெருப்பு. அவன் நாய் உங்கள் கரப்ஷனையும் இம்மொலேட்டையும் தின்னும், கர்ஸ் ஆஃப் அகனியைத் தொடாது, ஏனென்றால் அது சாப வகை, மேஜிக் வகை இல்லை. ஆகவே அகனி கட்டாயம். அவன் உங்கள் நாயை பானிஷ் செய்து கொஞ்ச நேரம் முடக்கப் பார்ப்பான், டீமன்களுக்கு அது விழும். பானிஷ் ஷேடோ மந்திரம், காஸ்ட் நேரமும் உண்டு, ஐகானைக் கண்டதும் பூட்டுங்கள். நாய் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும் காட்சி பார்க்க அழகு.

ஒன்பதாம் படி: நாயை உயிரோடு வைத்திருப்பது

நன்றாக ஆடுகிறவர்கள் முதலில் நாயைக் கொல்வார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் அப்படித்தான் செய்வேன்.

டீமனாலஜி மரத்தில் இரண்டு டேலன்ட்கள் இதற்கு மருந்து. மாஸ்டர் சம்மனர் இரண்டு புள்ளி போட்டால் கூப்பிடும் நேரம் 4 செகண்ட் குறையும். ஃபெல் டாமினேஷன் 5.5 செகண்ட் குறைக்கும், ஆனால் 15 நிமிடத்துக்கு ஒரு முறைதான். இரண்டும் சேர்ந்தால் 10 செகண்ட் காஸ்ட் அரை செகண்ட் ஆகிவிடும். எதிரி நாயைக் கொன்ற மகிழ்ச்சியில் ஹீல் ஓத ஆரம்பிக்கும்போது இன்னொரு நாய் முளைத்து அவன் வாயைப் பூட்டுவதைவிட இன்பமான விஷயம் இந்த ஆட்டத்தில் குறைவு.

சோல் லிங்க் எடுத்திருந்தால் உங்கள்மேல் விழும் அடியில் 30 சதவீதம் நாய்க்குப் போகும். மாஸ்டர் டிமனாலஜிஸ்ட் ஐந்து புள்ளி போட்டால், ஃபெல்ஹண்டர் நிற்கும்வரை லெவலுக்கு ஒன்று வீதம் எல்லா ரெசிஸ்டன்ஸும் (மந்திர எதிர்ப்பு) கூடும், 60-இல் 60. மந்திரக்காரர்களோடு மட்டும் மல்லுக்கு நிற்பது உங்கள் பொழுதுபோக்கு என்றால் இந்த இரண்டும் சேர்ந்த அமைப்பை ஒரு வாரமாவது ஆடிப் பாருங்கள்.

உங்கள் ஹெல்த்தை நாய்க்குக் கொடுக்கும் ஹெல்த் ஃபனலை மறக்க வேண்டாம். சண்டை முடிந்ததும் நாய்க்கு ஊட்டிவிட்டு, பிறகு நீங்கள் சாப்பிடுங்கள்.

பத்தாம் படி: பழகும் இடம்

நேராகப் போர்க்களத்துக்குப் போய்க் கற்றுக்கொள்ள முயன்றால் வெறுத்துவிடும். ஸ்ட்ராங்கிள்தார்ன் காட்டில் ட்ரோல் மிஸ்டிக்குகள் ஹீலிங் வேவ் ஓதுவார்கள். ஸ்பெல் லாக் கற்றதும் அங்கே போய் ஹீலை மட்டும் உடைப்பேன், மற்றதை விடுவேன் என்று ஒரு மணி நேரம் ஆடுங்கள். ஸ்கார்லெட் மொனாஸ்டரி கதீட்ரலில் வைட்மேன் என்ற பாஸ் ஹீல் ஓதும்போது உடைக்க ஒரு வாய்ப்பு. டஞ்சனில் தூரத்தில் நின்று குண்டு வீசும் மந்திரக்காரனின் வாயை மூடினால் அவன் வேறு வழியில்லாமல் ஓடி வந்து டேங்க் (முன்னால் நின்று அடி வாங்குபவர்) காலடியில் நிற்பான். டேங்க் ஆடுபவர் இதற்காகவே உங்களை அடுத்த முறையும் கூப்பிடுவார். மோல்டன் கோர் ரெய்டுக்குப் போனால் ஷாஸ்ரா என்ற பாஸ் போட்டுக்கொள்ளும் டெடன் மேஜிக்கை நாய் தின்னும், 30 கஜம் தள்ளி நிறுத்தி வையுங்கள், பக்கத்தில் விட்டால் ஆர்கேன் வெடியில் பொசுங்கும்.

அராத்தி பேசின் போர்க்களத்தில் ஒரு சின்ன விஷயம். கொடியைத் தொட்டுப் பிடிக்கும் அந்த காஸ்ட் மந்திரம் அல்ல, ஸ்பெல் லாக் அதை நிறுத்தாது. ஆனால் அடி பட்டால் நின்றுவிடும். நான் லம்பர் மில்லில் தனியாகக் காவல் நின்ற ஒரு நாள், ஒரு ப்ரீஸ்ட்டும் ஒரு ரோக்கும் வந்தார்கள். ரோக் என்னை ஸ்டன் செய்தான், ப்ரீஸ்ட் கொடிமேல் கை வைத்தாள். பாசிவில் இருந்த நாயை அதற்கு இரண்டு செகண்ட் முன்பே அவள்மேல் ஏவியிருந்தேன். ஒரு கடி, கை நழுவியது. மறுபடி கை வைத்தாள், மறுபடி கடி. பொறுக்க முடியாமல் திரும்பி நாய்மேல் மைண்ட் பிளாஸ்ட் ஓத ஆரம்பித்தாள். ஸ்டன் முடிந்ததும் நான் தட்டிய முதல் பட்டன் மவுஸின் பக்கவாட்டில் இருப்பதுதான்.